மூடியிருந்த கையும் திறந்துபோன கையும்: இரண்டு ஐபோன் அறிவிப்புகள்

2007 ஜனவரி 9, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறும்வரை ஆப்பிளின் போன் எப்படியிருக்கும் என்று வெளியில் இருந்தவர்கள் ஊகிக்கத்தான் முடிந்தது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடின் சக்கரத்தையே டயலாக்கிப் பலரும் படம் வரைந்து பார்த்தார்கள். அதே ஊகத்தை ஜாப்ஸே திரையில் போட்டார்: ஐபாடின் நடுவில் பழைய வீட்டு போனின் சுழல் டயல்! அரங்கம் சிரித்து அடங்கிய பிறகுதான் நிஜக் கருவி வந்தது. முன்பக்கம் ஒரே பொத்தான், மற்றதெல்லாம் திரை. அப்படியொரு கணத்துக்காக எத்தனை மாதமும் காத்திருக்கலாம்.

2010-இல் கதை தலைகீழ். ரெட்வுட் சிட்டி மதுக்கூடம் ஒன்றில் தவறவிடப்பட்ட, இன்னும் வெளிவராத ஐபோனின் மாதிரிக் கருவி, அப்போதைய ஐபோன் 3ஜிஎஸ் போலத் தோன்ற உறை மாட்டியிருந்தது. அதை கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் 5,000 டாலருக்கு வாங்கி, பிரித்து, ஏப்ரல் 19 அன்று படங்களை வெளியிட்டது. ஜூன் 7-இல் ஐபோன் 4 மேடைக்கு வந்தபோது, கண்ணாடி முதுகும் எஃகு விளிம்பும் ஏழு வாரப் பழசு.

எனக்கு முதல் காத்திருப்புதான் பெரிது. ஆனாலும் கசிந்தது உடல் மட்டுமே. தொலைவிலிருந்தே முடக்கப்பட்ட அந்தக் கருவியால் ஃபேஸ்டைமில் முகம் பார்த்துப் பேசுவதைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. அது மேடைக்கென்றே மிச்சமிருந்தது.