நாணயம் எண்ணும் மெஷினுக்கு நாணயம் உண்டா?

அமெரிக்க வங்கியில் அரை டாலர் காசு ஒரு பெட்டி சொல்லி வாங்கினால், காகிதத்தில் சுற்றிய 50 ரோல் வரும். ரோலுக்கு 20 காசு, மொத்தம் 1,000 காசு, 500 டாலர். அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, முதலில் விளிம்பைப் பார்ப்பேன், அப்புறம் ஆண்டைப் பார்ப்பேன். வெள்ளி இருந்தால் எடுத்துக்கொள்வேன். பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றுகூட இருக்காது. பார்த்து முடித்த 11 கிலோ சில்லறை வாளியில் போய் உட்காரும்.

"இந்த வாளி எப்பங்க இங்கிருந்து போகும்?" என்று மனைவி கேட்பாள். 2017இல் இந்தப் பழக்கம் தொற்றியதிலிருந்து வீட்டில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ரோல் வாங்குவது பெரிய காரியமே இல்லை. பார்த்த காசைத் திருப்பித் தள்ளுவதுதான் பாடு. அதற்கு நான் நம்பியிருப்பது வங்கி வாசலில் நிற்கும் காசு எண்ணும் மெஷின். இத்தனை வருடத்தில் மூன்று வங்கிகளின் மெஷின்களோடு பழகியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

புதியவர்களுக்காக: 1964 வரை அச்சான டைம் (பத்து சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரையிலான அரை டாலரில் 40 சதவீதம். போர்க்காலத்தில், 1942 கடைசியிலிருந்து 1945 வரை வந்த நிக்கல்களில் (ஐந்து சென்ட்) 35 சதவீதம். பின்பக்கத்தில் கட்டடக் கூரைக்கு மேல் பெரிதாக ஓர் எழுத்து இருந்தால் அதுதான். மற்ற மூன்றிலும் வெள்ளிக் காசின் விளிம்பு வெண்மையாக இருக்கும், சாதாரணக் காசில் செம்புக் கோடு தெரியும். முகமதிப்புக்கே வாங்கி முகமதிப்புக்கே திருப்புவதால் கைநட்டம் பெட்ரோலும் நேரமும் மட்டுமே. மெஷின் சரியாக எண்ணும் வரைக்கும்.

அங்கேதான் விஷயம். 1,000 காசு கொட்டி 997 என்று சீட்டு வந்தால், ஒன்றரை டாலர் போச்சு. வெள்ளி கிடைக்காத பெட்டிக்கு அது வெறும் தண்டம். இது என் மனப்பிராந்தி மட்டும் இல்லை. அமெரிக்காவின் டிடி (TD) வங்கி தன் கிளைகளில் வைத்திருந்த 'பென்னி ஆர்கேட்' மெஷின்கள் குறைத்து எண்ணுவதாகச் செய்தி வந்து, 2016இல் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. நான் இதில் இறங்கியது அதற்கு அடுத்த வருடம் என்பதால், ஆரம்பம் முதலே கொஞ்சம் சந்தேகக் கண்தான்.

சந்தேகம் இருந்தால் எண்ணிவிட்டுப் போக வேண்டும். ஆனால் 2,500 டைமைக் கையால் எண்ணுகிறவன் அப்புறம் மெஷினிடம் எதற்குப் போகிறான்? எடை போட்டால் போதும் என்று தாமதமாகத்தான் உறைத்தது. செம்பு உள்ளும் நிக்கல் கலவை மேலுமாக இப்போது புழங்கும் டைம் 2.268 கிராம், குவார்ட்டர் 5.67, அரை டாலர் 11.34. வகுத்துப் பாருங்கள்: எந்தக் காசாக இருந்தாலும் ஒரு டாலருக்கு 22.68 கிராம்தான். மூன்றையும் கலந்துகட்டி அள்ளி வைத்தாலும் கணக்கு தப்பாது. எடையை 22.68ஆல் வகுத்தால் டாலர் வந்துவிடும். நிக்கல் இன்னும் சுலபம், ஒன்று 5 கிராம், டாலருக்கு 100 கிராம். பென்னிக்கு (ஒரு சென்ட்) மட்டும் இது செல்லாது. 1982 நடுவில் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறியதில் 3.11 கிராம் 2.5 ஆகிவிட்டது. இரண்டும் கலந்தே புழங்குகின்றன.

முதலில், ஊருக்குப் போகும்போது 23 கிலோ பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கைத்தராசில்தான் வாளியை மாட்டினேன். அது 50 கிராம் 50 கிராமாகத் தாவும். 50 கிராம் என்றால் இரண்டு டாலருக்கு மேல், ஒன்றுக்கும் உதவாது. அப்புறம் சமையலறை டிஜிட்டல் தராசில் இரண்டு மூன்று தவணையாகப் போட ஆரம்பித்தேன். புழங்கிய காசு தேய்ந்து எடை கொஞ்சம் குறைந்திருக்கும். ஆகவே தராசுக் கணக்கைவிட மெஷின் சீட்டு சற்றே கூடுதலாக வர வேண்டும். குறைந்து வந்தால் எங்கோ காசு நிற்கிறது.

அப்படி ஒருமுறை நின்றது. முதல் வங்கியில் ஒரு பெட்டி டைம் போட்டேன். 250 டாலர் இருக்க வேண்டும், தராசு 248 சொல்லியிருந்தது, சீட்டில் 245 டாலர் 30 சென்ட். கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் தாழ்மையாகத்தான் சொன்னேன். மெஷினைத் திறந்தார். பை மாட்டும் வாயில் கிழிந்த ரோல் காகிதம் ஒன்று சுருண்டு அடைத்திருக்க, அதன் பின்னால் 47 டைம் வரிசை கட்டி நின்றது. கூட்டினால் சரியாக 250. காகிதம் என்னுடையதா, எனக்கு முன்னால் வந்தவருடையதா என்று யாரும் கேட்கவில்லை. என்னுடையதாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து காசை ஒரு தட்டில் ஒருமுறை சலித்துவிட்டுத்தான் கொண்டுபோகிறேன். காகிதத் துணுக்கு, ரப்பர் பேண்டு, ஒட்டிக்கொண்ட இரட்டைக் காசு எல்லாம் அதிலேயே மாட்டிவிடும். மெஷினிலும் வாளியைக் கவிழ்ப்பதில்லை, இரண்டு கைப்பிடியாகப் போட்டுச் சத்தம் அடங்க விட்டு அடுத்தது. எட்டு வருடத்தில் தராசுக்குக் கீழே வந்த சீட்டு மூன்றே மூன்று. மெஷினின் நாணயத்தைப் பற்றி எனக்கு இப்போது பெரிய மனக்குறை இல்லை.

இரண்டாம் வங்கி மெஷினுக்கு அரை டாலர் என்றாலே ஆகாது. போட்டதும் 'கடகட' என்று மறுப்புத் தட்டில் துப்பிவிடும். 30.61 மில்லிமீட்டர் விட்டமுள்ள காசுக்கு அதில் வழியே வைக்கவில்லை போலிருக்கிறது. இது தெரியாமல் முதல்முறை 500 டாலரோடு போய், அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வெறும் 20 காசோடு போய்ச் சோதித்துவிட்டு அப்புறம் மூட்டையைத் தூக்குங்கள்.

மறுப்புத் தட்டு என்றதும் நினைவு வருகிறது. எனக்கு மெஷின் பிடித்துப்போனதே அதனால்தான். சில மெஷின்கள் விட்டத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கின்றன. அவற்றில் வெள்ளிக் காசு சத்தமில்லாமல் பைக்குள் போய்விடும். மின்காந்த உணரி வைத்தவை உலோகத்தையும் பார்க்கும். வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், செம்புக் காசுக்குப் பழகிய உணரிக்கு அது அந்நியமாகத் தெரியும், வெளியே தள்ளிவிடும். 1943ஆம் ஆண்டு எஃகு பென்னிக்கும் அதே கதிதான். கொட்டியவர்களுக்கு மதிப்புத் தெரியாது, 'செல்லாக்காசு' என்று அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் வங்கி மெஷின் அந்த ரகம். அதன் தட்டைத் தடவாமல் நான் வெளியே வந்ததே இல்லை. பெரும்பாலும் கனடாக் காசு, விளையாட்டுக் கூடத்து டோக்கன், சட்டைப் பித்தான். ஆனால் ஒரு 1964 குவார்ட்டர், இரண்டு போர்க்கால நிக்கல், ஒரு வெள்ளி டைம் அங்கிருந்துதான் வந்தன. பெட்டி பெட்டியாகத் தேடியும் கிடைக்காத எஃகு பென்னியும் அங்கேதான். உரியவர் பக்கத்தில் நின்றால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு "இது ஓடாத காசு, நீயே வைத்துக்கொள்" என்றார். 1946ஆம் ஆண்டு டைம் அது. வெள்ளி என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் நம்பவில்லை.

இனி மனிதர்கள். மெஷினுக்குள் காசு விழும் பை நிறைந்தால் அது நின்றுவிடும். ஊழியர் வந்து பையைக் கட்டி, 20, 25 கிலோவைத் தூக்கி வைத்து, புதுப் பை மாட்ட வேண்டும். நான் போகும் நாளெல்லாம் அது நடந்தால் யாருக்குத்தான் முகம் சுளிக்காது? அதனால் வாங்கும் வங்கி வேறு, கொட்டும் வங்கி வேறு. வாங்கிய இடத்திலேயே கொட்டினால் அவர்களுக்கு இரட்டை வேலை, நமக்கோ பார்த்த காசே ரோலாகித் திரும்பி வரும் ஆபத்து. மாதத்தின் முதல் வாரமும் வெள்ளிக்கிழமை மாலையும் போவதில்லை. ஒரு நடைக்கு ஒரு பெட்டிக்கு மேல் இல்லை. பெரிய அளவில் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அரசுக்கு அறிக்கை தரும், சில்லறையும் ரொக்கம்தான். அதற்குப் பயந்து வேண்டுமென்றே பிரித்துக் கட்டுவதுதான் குற்றம். அறிக்கையில் ஒரு தப்பும் இல்லை.

2020இல் மட்டும் உலகம் தலைகீழானது. அந்த ஜூனில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், மற்ற வங்கிகளுக்குத் தரும் நாணயத்துக்கு அளவு வைத்தது. வாங்கும் வங்கியில் ஒரு ரோல்கூட இல்லை. கொட்டும் வங்கியிலோ என் வாளியைக் கண்டதும் ராஜமரியாதை. வழக்கமாக உச்சுக் கொட்டுபவர் கதவைத் திறந்து பிடித்தார்!

போன மாதம் மூன்றாம் வங்கிக்குப் போனேன். மெஷின் இருந்த இடத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. பழுதாகி எடுத்துப் போய்விட்டார்கள், வேறு வராது என்றார்கள். முதல் வங்கியில் இப்போது கணக்கு வைத்திருப்பவருக்கும் கழிவு பிடிக்கிறார்கள். கடைகளில் நிற்கும் காயின்ஸ்டார் மெஷினில் பரிசு அட்டையாக வாங்கினால் கழிவில்லைதான். ஆனால் எத்தனை பரிசு அட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மிஞ்சியது அரை டாலர் ஆகாத இரண்டாம் வங்கி மெஷின்தான். அதனால் அரை டாலரை விட்டுவிட்டு நிக்கலுக்கு மாறிவிட்டேன். 100 டாலர் பெட்டி, 2,000 காசு, 10 கிலோ. வெள்ளி அரிதுதான், பார்க்க நேரமும் இரட்டிப்பு. ஆனால் மெஷின் மறுபேச்சில்லாமல் விழுங்குகிறது, வாளியும் சனிக்கிழமைக்குள் காலியாகிவிடுகிறது.