"இந்த வண்டி அப்படித்தான்" என்று சொன்னால் உஷார்

யாரும் சீண்டாத பழைய சின்னக் கார்கள் மேல் எனக்குப் பைத்தியம். அதிலும் கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் 601 என்றால் கண்ணை மூடிக்கொள்வேன். இந்த முறை மூடிய கண்ணோடே பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு: ஸ்விக்காவ் நகரில் 1964 முதல் 1990 வரை தயாரானது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 26 குதிரைசக்தி. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். டேங்க் பானெட்டுக்குள் எஞ்சினுக்கு மேலே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் அளவு காட்டும் மீட்டர் கிடையாது, குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். இத்தனை விசித்திரம் உள்ள வண்டியில் எது இயல்பு, எது கோளாறு என்று புதிதாக வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? விற்றவர் பிழைத்ததே அதில்தான்.

நான் காந்தத்தோடு போயிருந்தேன். பழைய வண்டியில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்தால், அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவில் வைத்தேன், ஒட்டவில்லை. அவர் சிரித்தார். "இது டியூரோபிளாஸ்ட் சார், துருவே பிடிக்காது." உண்மைதான். கழிவுப் பருத்தி இழையையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. ஆனால் அது வெறும் தோல். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு முழுக்க எஃகு. அது எனக்கும் தெரியும். அன்றைக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

எஞ்சின் கடகடத்தது. "டூ ஸ்ட்ரோக் அப்படித்தான்." புகை மண்டியது. அதற்கும் அதே பதில்.

ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது கியரில் காலை எடுத்ததும் வண்டி விட்டுப்போனது போல ஓடியது. "ஃப்ரீவீல் சார், இந்த வண்டியின் சிறப்பு" என்றார். ஃப்ரீவீல், அதாவது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் எஞ்சினின் பிடியில்லாமல் தானாக உருளும் ஏற்பாடு, இருப்பது நிஜம். ஆனால் நாலாவது கியரில் மட்டும். அதோடு, ஃப்ரீவீலில் கியர் கம்பி அசையாது. என் கையில் அது டக்கென்று நியூட்ரலுக்கு வந்து விழுந்தது. அப்போதாவது இறங்கி நடையைக் கட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அடியில் படுத்துப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் முழுக்கத் தடிமனாகக் கறுப்புப் பூச்சு, புதுசு. ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஒரு கைப்பிடித் துருத்தூள் முகத்தில் கொட்டியது. ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்புக்கு அடியில் தரை இல்லை. தகரத் துண்டு ஒன்றை வைத்து, ஓரத்தில் சீலண்ட் தடவியிருந்தார்கள்.

போன் செய்தேன். "பழைய வண்டி சார், பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். அதற்கப்புறம் எடுப்பதில்லை.

601 பார்க்கப் போகிறவர்கள் காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு டார்ச்சும் பழைய போர்வையும் கொண்டுபோங்கள். மேலே பளபளப்பதை விட்டுவிட்டு, முதலில் அடியில் படுங்கள். தரைவிரிப்பைத் தூக்க விடவில்லை என்றால் பேச்சே வேண்டாம். அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால், பூசுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள்.

நேற்று அதே ஆள் இன்னொரு 601-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். முதல் வரியே "துருப்பிடிக்காத பாடி".