டேப்புகளில் கலர் கோடு: ஃபயர்ஃபாக்ஸோடு எட்டு ஆண்டுகள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் என் திரையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, டேப் எல்லாம் ஏன் கலர் கலரா இருக்கு?”

பச்சைக் கோடு போட்ட டேப்பில் நான் கடைக்காரர். ஆரஞ்சில் வாடிக்கையாளர். சிவப்பில் நிர்வாகி. நான் உருவாக்கிச் சோதிக்கும் ஒரே தளம், ஒரே ஜன்னல், மூன்று வேறு லாகின். ‘மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்’ என்ற நீட்சியின் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வேலை இது. 2017 கடைசியில் நான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு வந்தது வேகத்துக்காக. இன்றுவரை விட்டுப் போகாமல் இருப்பது இந்தக் கோடுகளுக்காக.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் குவாண்டம் என்ற பெயரோடு 57ஆம் பதிப்பு வந்தது. அதிலிருந்த புதிய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழி) எஞ்சின் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது; வேலையை ப்ராசசரின் பல கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். அதற்கு முன் இருந்த ஃபயர்ஃபாக்ஸைப் பயன்படுத்தியவர்களுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அதே பதிப்போடு பழைய பாணி நீட்சிகள் எல்லாம் செல்லாக்காசாகின. 2006இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் என்ற டெவலப்பர் கருவிக்கும் 2017இல்தான் முற்றுப்புள்ளி. இன்று எந்த பிரவுசரில் எஃப்12 அழுத்தினாலும் வருகிற பெட்டியில் அதன் சாயல் இருக்கும்.

சரி, கோடுகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு கலரும் ஒரு கன்டெய்னர்; தளங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் குக்கீயும் லோக்கல் ஸ்டோரேஜும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கடைக்காரர் பொருளின் விலையை மாற்றுகிறார், பக்கத்து டேப்பில் வாடிக்கையாளருக்கு அது எப்படித் தெரிகிறது, நிர்வாகியின் பட்டியலில் பதிவாகிறதா என்பதை லாக் அவுட் செய்யாமலே பார்த்துவிடலாம். குரோமில் இதற்கு ப்ரொஃபைல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ப்ரொஃபைலும் தனி ஜன்னல், தனி புக்மார்க், தனி நீட்சிகள். வீட்டையும் அலுவலகத்தையும் பிரிக்க அது நல்ல ஏற்பாடு. ஒரே தளத்தை மூன்று ஆளாக நின்று சோதிப்பதற்கு அவ்வளவு ஜன்னல் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கன்டெய்னர்களுக்குள் ஹிஸ்டரியும் சேமித்த பாஸ்வேர்டும் பொதுதான். இது தெரியாமல் சிவப்பு டேப்பில் வாடிக்கையாளராக லாகின் செய்துவிட்டு, நிர்வாகி மெனு காணவில்லை என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

டெவலப்பர் கருவிகளில் எனக்குப் பிடித்தவை சின்னச் சின்ன விஷயங்கள். நீங்கள் எழுதிய ஒரு சிஎஸ்எஸ் வரிக்கு அந்த இடத்தில் பலன் இல்லையென்றால் ஃபயர்ஃபாக்ஸ் அதை மங்கலாக்கி, ஏன் பலன் இல்லை என்றும் பக்கத்திலேயே சொல்லும். நெட்வொர்க் பகுதியில், சர்வருக்குப் போன ஒரு கோரிக்கையை அங்கேயே திருத்தித் திரும்ப அனுப்பலாம்.

எழுத்துருக்களுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. தமிழில் தளம் செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். டிசைனர் அழகான எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார், அதில் தமிழ் எழுத்துகளே இருக்காது. ஆங்கிலச் சொற்கள் அவர் கேட்டபடி வரும். தமிழ் மட்டும் விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம் என்று கணினியில் கிடைக்கும் எழுத்துருவுக்குத் தாவிவிடும். ஒரே தலைப்பு இரண்டு கணினியில் இரண்டு உயரம். அந்தப் பகுதியைத் திறந்தால், எந்தெந்த எழுத்துரு நிஜமாகவே பயன்பட்டிருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். குரோமிலும் இந்தத் தகவல் இருக்கிறது, கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் ஒளிந்துகொண்டு. அப்புறம் வரி இடைவெளி. ஆங்கிலத்தை மனதில் வைத்து 1.1 என்று கொடுத்தால், மேல் வரி ‘ழு’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். இதை எந்த பிரவுசரும் எச்சரிக்காது, கண்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் விஷயத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பின்தங்கிய இடமும் உண்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியின் ‘லெங்த்’ ஐந்து என்று எண்ணும், உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால். நாம் எண்ணுவதுபோல மூன்று என்று எண்ண ‘செக்மென்டர்’ என்ற வசதி வந்தது. குரோமில் 2020இலேயே கிடைத்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு வர 2024 ஏப்ரல் ஆனது. அதுவரை ‘இன்னும் இத்தனை எழுத்து மீதி’ என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டிக்காகத் தனி நிரல் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தேன்.

வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸ், சோதிக்க குரோம் என்பது என் பழக்கம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், அல்லது இரண்டாவது பிரவுசரைத் திறப்பதே இல்லை. ஓபரா 2013இலும் எட்ஜ் 2020இலும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டதால், குரோமில் ஓடினால் அங்கும் அனேகமாக ஓடிவிடும். அதனால்தான் வேறு எஞ்சினில் (பக்கத்தை வரைந்து காட்டும் உள்பகுதி) உட்கார்ந்து வேலை செய்தால் பிழைகள் சீக்கிரம் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் ஒரு அடியும் வாங்கினேன். உள்பெட்டிகளையும் வெளிக் கட்டத்தின் வரிசையிலேயே நிறுத்தும் சப்கிரிட் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆசையாக அதை வைத்து ஒரு பொருள் பட்டியலை அமைத்தேன். என் திரையில் விலைகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில். குரோமில் திறந்த வாடிக்கையாளருக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே. அங்கே சப்கிரிட் வந்தது 2023 செப்டம்பரில். சோதிக்காமல் அனுப்பியது என் தப்பு.

பக்கம் எங்கே திணறுகிறது என்று தேடும்போது யோசிக்காமல் குரோமைத் திறந்துவிடுவேன். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியும் பக்கத்துக்கு மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் அறிக்கையும் எனக்குப் பழகிப்போனவை, வாடிக்கையாளர்களும் லைட்ஹவுஸ் எண்ணைத்தான் கேட்கிறார்கள். ப்ளூடூத் கருவியோடு பக்கத்திலிருந்தே பேச வேண்டும் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். சஃபாரிக்காக ஒரு பழைய ஐஃபோன் மேசை டிராயரில் கிடக்கிறது. நம் ஊர் ஐஃபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டவுடன் பக்கமே பெரிதாகிவிடும். இந்த மாதிரி விஷயங்கள் நிஜ ஃபோனில் பார்த்தால்தான் உறைக்கும்.

விளம்பரத் தடுப்பு இன்னொரு காரணம். நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிகளோடு குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் நின்றுபோனது. அங்கே இருப்பது அதன் லைட் வடிவம். ஃபயர்ஃபாக்ஸ் பழைய வழியையும் விட்டுவைத்திருக்கிறது. (அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறி ஒப்பந்தத்துக்காக கூகுள் கொடுக்கும் பணம் என்பது வேறு கதை.) ஆனால் டெவலப்பர் தடுப்பானோடு வேலை செய்வதில் ஆபத்தும் உண்டு. வரி விளம்பரத் தளம் ஒன்றுக்காக ‘ஆட் பேனர்’ என்று ஒரு கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டு, படம் வரவில்லையே என்று ஒரு மதியம் முழுக்க சர்வரைச் சந்தேகப்பட்டேன். என் கோப்பை என் தடுப்பானே விழுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அம்மாவின் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். செய்திப் பக்கங்களை ரீடர் வியூவில் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார். நடுவில் துள்ளிக் குதிக்கும் வீடியோ இல்லாததில் பரம திருப்தி. ஒரு கட்டணம் கட்டும் பக்கம் மட்டும் அதில் கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. மாதம் ஒருமுறை ஃபோனை என்னிடம் நீட்டுவார்: “டேய், அந்த இன்னொண்ணுல திறந்து கொடுடா.”