புள்ளி வைத்த ஒலியும் சட்டைப் பொத்தான்களும்: மூன்று வருட ஃபோனிக்ஸ் அனுபவம்

மகளுக்கு நாலு வயதில் ஃபோனிக்ஸ், அதாவது ஆங்கில எழுத்துகளை அவற்றின் ஒலிகளோடு இணைத்துப் படிக்கவும் எழுதவும் பழக்கும் முறையை ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு ஏழு, தம்பிக்கு ஐந்து. இரண்டு பேரோடும் உட்கார்ந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: எழுத்து அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காதைப் பழக்க வேண்டும். மகளுக்கு நான் அதைச் செய்யவில்லை. பாவம், நாலு மாதம் திணறினாள்.

முதலில் வாங்கிய அட்டைகளோடு ஓர் ஒலிப்பதிவும் வந்தது. அதில் ‘பி’ எழுத்துக்கு ‘ப’ என்றும் ‘டி’க்கு ‘ட’ என்றும் சொல்லித்தந்தார்கள். அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். ‘பேட்’ என்ற சொல்லைக் காட்டினால் “ப... ஏ... ட... பயேடவா?” என்பாள். பிறகு பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து ஊகிப்பாள். சொல்லித்தந்ததைத்தான் சொன்னாள், ஆனால் சேர்த்தால் சொல் வரவில்லை. ஒவ்வொரு மெய்யோடும் ஒட்டிக்கொண்ட அகரம்தான் குறுக்கே நின்றது.

தமிழ் பேசும் வீட்டில் இதற்கு வழி கையிலேயே இருக்கிறது. ‘ப’வுக்குள் அகரம் உண்டு, புள்ளி வைத்த ‘ப்’பில் இல்லை. அந்தப் புள்ளி வைத்த ஒலிதான் ஃபோனிக்ஸுக்கு வேண்டும். ஆனால் ‘இக், இங், இச்’ என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். உதடு பிரிந்த அந்த நொடியோடு நிறுத்திப் பழகினோம். இரண்டு வாரத்தில் படத்தை மூடி வைத்தாலும் படித்தாள்.

தம்பிக்கு அட்டையே காட்டாமல் தொடங்கினேன். “ஸ்ஸ்...அ...ன், என்ன சொல்லு?” என்று கேட்பேன், “சன்!” என்பான். துணி மடிக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் இதுதான் விளையாட்டு. இழுத்துச் சொல்லக்கூடிய ஸ், ம், ஃப், ன் ஒலிகளில் ஆரம்பிக்கும் சொற்களை முதலில் எடுங்கள். ‘டி’, ‘பி’ போன்றவை இழுக்க வராது. சொல்லின் கடைசியில் வந்தால் மட்டும் சமாளிக்கலாம்.

பிக், பிக் என்று தமிழில் ஒரே மாதிரி எழுதும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. ஒன்று பன்றி, இன்னொன்று பெரிய. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்ல வைத்தேன். பன்றி சொல்லுக்குக் காகிதம் துள்ளியது, மற்றதற்கு அவ்வளவாக அசையவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்த இரண்டு எழுத்துகளையும் மாற்றி எழுதியதில்லை.

எழுத்துக்கூட்டலுக்கு எங்களுக்கு அதிகம் கைகொடுத்தவை கட்டங்கள். தாளில் மூன்று கட்டம், மூன்று சட்டைப் பொத்தான். சொல்லை மெதுவாகச் சொல்லி, ஓர் ஒலிக்கு ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரில் வழங்கும் முறை இது. ‘ஷிப்’புக்கு எழுத்து நாலு, கட்டம் மூன்றுதான். ‘எஸ், ஹெச்’ இரண்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்ததும் மகள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவரை எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தவள் அன்றுதான் ஒலியை எண்ணினாள்.

பிள்ளைகளின் பிழைகளை நிதானமாகப் பாருங்கள். மகள் ‘ட்ரீ’ எழுத ‘சி, ஹெச், ஆர்’ என்று தொடங்கினாள். நானே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், நாக்கு உண்மையிலேயே ‘ச்’ பக்கம்தான் போகிறது. ‘ஜம்ப்’பில் ‘எம்’மை விட்டதும் அப்படித்தான், அந்த ‘ம்’ முன்னால் உள்ள உயிரொலிக்குள் கரைந்துவிடுகிறது. கவனமில்லாத பிள்ளை இப்படி எழுத மாட்டாள்.

படிப்பதைவிட எழுதுவது நிச்சயம் கடினம். 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலம் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிறது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல். சில விதிகள் உதவின: ‘ஏய்’ என்ற ஒலிக்கு ‘ஏ, ஐ’ பெரும்பாலும் சொல்லின் நடுவில் வரும், ‘ஏ, ஒய்’ கடைசியில். ‘கிட்’டுக்குப் பின்னால் ஓர் ‘இ’ சேர்ந்தால் ‘கைட்’. ‘செட்’ என்று ஒலிக்கும் ‘எஸ், ஏ, ஐ, டி’ போன்ற சொற்களை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. முதல் ஒலியும் கடைசி ஒலியும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, நடுவில் உள்ள இரண்டு எழுத்துக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டோம்.

ஊகிக்கிறார்களா, படிக்கிறார்களா என்று தெரிய ‘விப்’, ‘ஃபெப்’ மாதிரிப் பொருளில்லாத சொற்களைக் கொடுப்பேன். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையிலும் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவைதான்.

ஃபோனிக்ஸ் தராதது ஒன்று உண்டு: பொருள். ஒரு கட்டத்தில் மகள் பக்கம் முழுக்கத் தடங்கலின்றிப் படித்தாள், கதை என்னவென்று கேட்டால் தெரியாது. 2000-ல் வந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, முறையான ஃபோனிக்ஸ் பலன் தருகிறது என்று சொன்னதோடு, அது மட்டுமே முழு வாசிப்புப் பயிற்சி ஆகாது என்றும் சொன்னது. இரவில் நான் வாசித்துக்காட்டுவதை அதனால்தான் ஒருநாளும் நிறுத்தவில்லை.

நேற்று தம்பி ‘ரெய்ன்’ எழுத ‘ஆர், ஏ, என், இ’ போட்டான். ‘கேக்’ எழுதுகிற மாதிரி யோசித்திருக்கிறான், ஒலி எதையும் விடவில்லை. மூன்று கட்டம் வரைந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘ஏ’, ‘ஐ’ இரண்டையும் ஒரே விரலால் நடுக் கட்டத்துக்குள் தள்ளினான்.