சென்னைக்கு எதைக் கொண்டுபோகலாம்: சேலம் செட்டா, கரூர் கரமா, கோவை காளானா?

மேற்கு மாவட்டங்களின் மாலைத் தீனியில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். சேலத்தில் தட்டுவடை செட், கரூரில் கரம், கோவையில் ரோட்டுக்கடைக் காளான். சென்னையிலும் இவை அங்கங்கே தலைகாட்டுகின்றன. ஆனால் பானிபூரி மாதிரி தெருவுக்குத் தெரு காலூன்றவில்லை. புதிதாக ஒருவர் அங்கே கடை போட நினைத்தால் எதை எடுக்கலாம்? எனக்குச் சேலத்துச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு செட் பக்கம்தான் போகிறது, ஒரு நிபந்தனையோடு.

தெரியாதவர்களுக்காக: தட்டுவடை என்றால் மொறுமொறுப்பான தட்டைதான். செட் என்பது உள்ளங்கையில் பாதிகூட வராத சின்னத் தட்டுவடை இரண்டு. ஒன்றின் மேல் பூண்டும் மிளகாயும் அரைத்த காரச் சட்னி, புதினா மல்லிச் சட்னி இரண்டையும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து இன்னொன்றால் மூடுவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். நாகரிகமாகக் கடித்துத் தின்னப் பார்த்தால் பாதி சட்டைக்குப் போகும். இதையே உடைத்துக் கலந்தால் நொறுக்கல்.

கரமும் இதே குடும்பம்தான். தட்டுவடை, முறுக்கு எதையாவது உடைத்துப் போட்டு, சட்னி, வெங்காயம், காய்த்துருவல் சேர்த்துக் கிளறித் தருவார்கள். அவித்த முட்டை சேர்ந்தால் முட்டை கரம். காளான் வேறு ஜாதி. முட்டைக்கோஸையும் காளானையும் மாவில் பிசைந்து பொரித்து, அகலமான கல்லில் கொத்தி, மசாலாவில் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவது. பல கடைகளில் காளானைவிடக் கோஸ்தான் அதிகம். கோவைக்காரர்களுக்கு இது தெரியும், கோபித்துக்கொள்வதில்லை.

முதல் கேள்வி அடுப்பு. காளானுக்கு எண்ணெய்ச் சட்டி, கல், சிலிண்டர், புகை போக வழி எல்லாம் வேண்டும். செட்டுக்கும் கரத்துக்கும் கடையில் நெருப்பே தேவையில்லை. முட்டையைக்கூட வீட்டிலேயே அவித்துக்கொண்டு வந்துவிடலாம். சென்னையில் இது பெரிய வித்தியாசம். அலுவலக வளாகம், மால், கல்லூரி விழா என்று அடுப்பை அனுமதிக்கத் தயங்கும் இடங்களில் ஒரு மேசையும் நாலு டப்பாவும் இருந்தால் செட் கடை நடக்கும். வாடகையும் அதற்கேற்பக் குறையும்.

இரண்டாவது, நிறம். காளானின் அந்தச் செக்கச்செவேல் பல இடங்களில் கலர்ப்பொடி உபயம். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ரோடமின் பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை. அதன் பிறகு சிவப்பாக எது தெரிந்தாலும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். கலர் போடாமல் காளான் செய்யலாம், சுவையும் கெடாது. ஆனால் ஊரில் சாப்பிட்டுப் பழகியவர் வந்து "இது என்னங்க, வெளுத்துப்போய் இருக்கு?" என்பார். செட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பீட்ரூட்டே பார்த்துக்கொள்கிறது.

சரி, சரக்கு எங்கிருந்து வரும்? இங்கேதான் செட்டின் பலமும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. சேலத்தில் தட்டுவடையை வீட்டுத் தொழிலாகவே சுட்டுத் தருபவர்கள் உண்டு. சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். ராத்திரி பஸ்ஸில் தகர டின்னில் போட்டு அனுப்பினால் காலையில் கைக்கு வந்துவிடும். காரச் சட்னி சில நாள் தாங்கும். புதினாச் சட்னியை மட்டும் அன்றன்றைக்கு அரைக்க வேண்டும், மறுநாள் கறுத்துவிடும். அதாவது ஊர்க் கைப்பக்குவம் வேண்டிய பாதி காய்ந்த பொருளாக வந்து சேர்கிறது, மீதிப் பாதிக்குக் கோயம்பேடு சந்தை போதும். காளானில் எல்லாமே சென்னையிலேயே கிடைக்கும். நல்லதுதானே என்று தோன்றும். அப்படியென்றால் பக்கத்து ஃபாஸ்ட்ஃபுட் கடைக்காரரும் அடுத்த வாரமே போடுவார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பலவீனம் கடல்காற்று. சேலத்தில் மூடி சரியில்லாத டப்பாவிலும் மொறுமொறுப்பாக இருக்கும் தட்டுவடை, சென்னையில் திறந்து வைத்தால் சீக்கிரமே நமத்துவிடும். நமத்த தட்டுவடையில் செட் போட்டால் அது வெறும் சட்னி ரொட்டி. பெரிய டின்னை நாளெல்லாம் திறந்து மூடாமல் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பஸ் குலுக்கலில் உடைந்தவை எப்படியும் கொஞ்சம் இருக்கும், அவை நொறுக்கலுக்குப் போகட்டும். செட் கடையில் நொறுக்கல் இல்லாவிட்டால் அந்த நஷ்டம் முழுக்க முதலாளி தலையில்தான். இந்த ஒரு விஷயத்தில் கரம் கெட்டிக்காரத்தனம், அதற்கு முழுத் தட்டுவடையே தேவையில்லை.

கரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. முட்டை சேர்ந்தால் வயிறு நிறையும். விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாடாகவே முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தட்டாகக் கிளற வேண்டும். ஏழு மணிக் கூட்டத்தில் பத்துப் பேர் நின்றால் கை ஓடாது. செட்டில் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒரே ஓட்டத்தில் சட்னி தடவி, துருவலைத் தூவிக்கொண்டே போய்விடலாம். பழகிய கை செட் போடுவதைப் பார்ப்பதே விளம்பரம்.

சென்னையில் உண்மையான போட்டி பானிபூரி வண்டிதான். பக்கத்தில் ஒரு தட்டுப் பானிபூரி என்ன விலையோ, அதற்கு மேலே செட்டின் விலை ரொம்பத் தாண்ட முடியாது. வெளியூர்த் தீனியைச் சென்னை ஏற்காது என்ற பயம் மட்டும் வேண்டாம். பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிய தமிழர்களோடு வந்த அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், பாரிமுனைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு இன்று சென்னைத் தீனியாகவே ஆகிவிட்டது. அதைச் சாதா நூடுல்ஸாக மாற்றவில்லை. புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் புதிதாகச் செட் போடும் சிலர் சீஸ் துருவுகிறார்கள், மயோனைஸ் பிழிகிறார்கள். பூண்டுக் காரத்தை மூடிவிட்டால் செட்டில் என்ன மிச்சம்? போதாததற்கு, பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. அந்த வம்பும் எதற்கு?

பெங்களூரு சேலத்துக்கு இன்னும் பக்கமாச்சே என்று சிலர் கேட்பார்கள். அங்கே நிப்பட்டு மசாலா இருக்கிறது, கிட்டத்தட்ட இதே யோசனை. மக்களுக்குப் புரியவைக்கும் வேலை மிச்சம், ஆனால் புதுசு என்ற கவர்ச்சி கிடையாது. நானாக இருந்தால் சென்னைதான்.

இனி அந்த நிபந்தனை. செட்டை நின்ற இடத்தில் சாப்பிட வேண்டும். வெங்காயமும் பீட்ரூட்டும் தண்ணீர் விடும், சில நிமிடத்தில் தட்டுவடை தளர்ந்துவிடும். ஸ்விக்கி, ஸொமேட்டோவை நம்பித்தான் கடை என்றால் செட்டை விட்டுவிடுங்கள். அந்த வியாபாரத்துக்குக் காளான்தான் சரி, ஆறினால் சூடுபண்ணிக்கொள்ளலாம். தட்டுவடை, சட்னி, துருவல் என்று தனித்தனியாகக் கட்டி அனுப்பலாம்தான். ஆனால் வேலை முடிந்து வந்தவர் வீட்டில் உட்கார்ந்து செட் அடுக்குவாரா? ஒரு தடவை அடுக்குவார், மறு தடவை வேறு எதையாவது வரவழைப்பார்.

ஆகவே நடமாட்டமுள்ள இடம் முக்கியம்: ரயில் நிலைய வாசல், டியூஷன் விடும் தெரு, பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களின் வெளிவாசல். கடற்கரை மணலை ஒட்டி வேண்டவே வேண்டாம், காற்றும் ஆகாது, சுண்டலும் பஜ்ஜியும் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். தள்ளுவண்டி என்றால் மாநகராட்சியின் தெருவோர வியாபாரி அட்டையும் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காமல் பொங்கல் கழித்துத் திறந்தால், அடுத்த அடைமழைக்குள் டப்பா விஷயம் கைக்குப் பழகிவிடும்.