1,850 ரூபாய் ரக்சாக்: வடகிழக்குக்குக் கிளம்பும் முன் இரண்டு மாதச் சோதனை

அக்டோபரில் நாகர்கோவிலிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். குவஹாத்திக்கு மூன்று ராத்திரி, ஸ்லீப்பர். அப்புறம் ஷில்லாங், சோரா (நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர்), திரும்பும் வழியில் கொல்கத்தா. 24 நாள், 22,000 ரூபாய், தனியாக. நாகாலாந்தும் ஆசைதான். அதற்கு இன்னர் லைன் பர்மிட் என்கிற நுழைவு அனுமதி எடுக்க வேண்டும், செலவும் கூடும் என்று விட்டுவிட்டேன். இதுவரை நான் தனியாகப் போன தூரம் சென்னை வரைதான்.

செலவைக் குறைக்க முதலில் கை வைத்தது பையில். மலையேற்றத்துக்கென்றே விற்கும் பைகளில் எனக்குப் பிடித்தவை எல்லாம் ஆறாயிரத்தைத் தொட்டன. என் கணக்கில் அது ஆறு நாள் சாப்பாடும் படுக்கையும். வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னப் பைக்கடையில் 50 லிட்டர் ரக்சாக் ஒன்றை 1,850 ரூபாய்க்கு எடுத்தேன்.

கடைக்காரர் வயசானவர். "வெறும் பையை மாட்டிப் பாத்து வாங்காதே மக்ளே, எல்லாப் பையும் அப்போ லேசாத்தான் இருக்கும்" என்றார். பக்கத்துப் பலசரக்குக் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை வாங்கி வந்து உள்ளே வைத்து, என்னைக் கடைக்கு முன்னால் நடக்கவிட்டார். நான் முதலில் ஆசைப்பட்ட நீலப் பை அங்கேயே தோற்றது. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறிக்கொண்டது, பாரம் முழுக்கத் தோளில். சாம்பல் நிறப் பையில் அதே பத்துக் கிலோ இடுப்பில் இறங்கி உட்கார்ந்தது. வித்தியாசம் முதுகு நீளத்தில். குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தால் எனக்கு 42 சென்டிமீட்டர். பையின் முதுகு அதற்குப் பொருந்தவேண்டும். எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கப்போகிற பெண்கள், தயவுசெய்து இதை அளந்துவிட்டு வாங்குங்கள். நெஞ்சுப் பட்டையை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். இதில் நகர்த்தலாம்.

சோதனைக்கு மருந்துவாழ் மலை. நாலு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் பொத்தையடி வழியாக ஏறினேன். முதல் வாரம் 5 கிலோ, கடைசி வாரம் 9. தண்ணீர் பாட்டில்களையே பாரமாக வைத்தேன், முட்டு வலித்தால் மேலேயே கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாமே என்று. ஆனால் ஒருநாளும் கொட்டவில்லை. சோராவுக்குக் கீழே நோங்ரியாட்டில், காஸி மக்கள் ரப்பர் அத்தி வேரைப் பின்னி வளர்த்த இரட்டை அடுக்குப் பாலம் இருக்கிறது. அதற்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அங்கே முதலில் வருவது இறக்கம்தான். அன்று ராத்திரி அந்த ஊரில்தான் தங்குகிறேன் என்பதால் பையும் கூடவே வரும். கனமானதை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வைத்தால் இறங்கும்போது பை பின்னால் இழுப்பதில்லை. மூன்றாவது வாரம்தான் இது பிடிபட்டது.

இரண்டாவது வாரமே ஒரு கோளாறு தெரிந்தது. தோள்பட்டை பையோடு சேருகிற இடத்தில் ஒற்றை வரித் தையல், நூல் எழும்பிவிட்டது. இந்த விலைப் பையில் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். கோட்டாரில் செருப்புத் தைக்கிற அண்ணன் ஒருவர் நைலான் நூலால் கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரித் தைத்துத் தந்தார். இரண்டு பக்கத்துக்கும் 80 ரூபாய். அதன்பிறகு 9 கிலோவுக்கும் அசையவில்லை.

கூடவே கொடுத்த மழை உறையை நம்பாதீர்கள். ஆனி மாதச் சாரலில் பழைய பேப்பரைத் திணித்து மொட்டைமாடியில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றேன். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, முதுகுப்பக்கப் பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உறை முதுகை மூடாது, தண்ணீர் முதுகு வழியாக வழிந்து இறங்குகிறது. இப்போது உள்ளே தடித்த பாலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டுகிறேன். மழைக்குப் பேர்போன ஊருக்குப் போகிறோம், இதில் சமரசம் செய்துகொள்ள முடியாது.

ரயிலுக்குப் பை நன்றாகவே ஒத்துவரும் என்று நினைக்கிறேன். சூட்கேஸ் மாதிரி முன்பக்கம் முழுக்கத் திறப்பதால் அடியில் இருக்கிற துவர்த்தை (துண்டை) எடுக்க எல்லாவற்றையும் வெளியே போடவேண்டாம். ஜிப் தலையின் ஓட்டை சின்னது, பூட்டு நுழையவில்லை. சாவி வளையம் கோத்து அதில் பூட்டு மாட்டியிருக்கிறேன். கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையம் இருக்கும். மேலே இருக்கிற கைப்பிடியில் சங்கிலியைக் கோக்காமல், தைத்து வாங்கிய தோள்பட்டைக்குள் விட்டுக் கோக்கப் போகிறேன்.

பை, தையல், பாலித்தீன், சங்கிலி, பூட்டு எல்லாம் சேர்த்து 2,200க்குள் முடிந்தது. குறைந்த காசில் முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு, கையோடு தையல்காரரிடம் போகத் தயாரென்றால், இந்த மாதிரிப் பை தாராளமாகப் போதும்.

நேற்று நிறைத்து நிறுத்தேன், 8.3 கிலோ. அம்மா ஒரு கிலோ முந்திரிக்கொத்து செய்து தருகிறேன் என்றிருக்கிறாள். ஜீன்ஸை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.