நம் கடற்கரைக் கதை என்று நம்பிக் குழந்தைகளோடு போய்விடாதீர்கள்

இராமநாதபுரத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அந்த அடிதடிப் படத்துக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், குறிப்பாகத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கமிருந்து காசு செலவழித்துப் போக இருப்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். படத்தின் பெயரை எழுதவில்லை. சுவரொட்டியில் விசைப்படகும் பாம்பன் பாலமும் இருக்கிற படம் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அந்த இயக்குநரின் முந்தைய படங்கள் அனைத்தையும் விரும்பிப் பார்த்தவன் நான். அவற்றிலும் வெட்டுக்குத்து உண்டு. ஆனால் ஒருவன் அரிவாளை எடுப்பதற்கு முன், அவன் வீட்டு அடுப்படி வரைக்கும் நம்மை அழைத்துப் போயிருப்பார். வெட்டு விழுந்த பிறகு இரண்டு வீட்டிலும் என்ன ஆயிற்று என்பதைக் காட்டாமல் விடமாட்டார். அந்த நம்பிக்கையோடுதான் இந்தப் படத்தின் டிரெய்லரையும் பார்த்தேன். படகு திரும்பாத ஒரு விடியற்காலையும், கரையில் செல்போனை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கும் ஒரு பெண்ணும் அதில் வந்தார்கள்.

என் அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றதில், இரண்டு மாதம் யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். சினிமாவில் நாட்டமில்லாத அவரே டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம கதைய எடுத்திருக்காரு போல, எல்லாருமாப் போயிட்டு வருவோம்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் கிடக்க, அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தையும் கைமாற்றையும் வைத்து வீடு ஓடுகிற நாட்களில், நான்கு பேருக்கு டிக்கெட், பேருந்து, பிள்ளைக்குத் தின்பண்டம் என்று 1,300 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று.

முதல் இருபது நிமிடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வயதான அம்மா கரையில் குந்தி, குவிந்து கிடக்கும் சங்காயத்திலிருந்து, அதாவது வலையில் கலந்து வரும் கழிவு மீன்களிலிருந்து, இறாலைப் பிரித்தெடுக்கிறார். பேச்சே இல்லை. ஈரத்தில் ஊறி வெளுத்த விரல் நுனிகள் மட்டும் தெரிகின்றன. எடையில் கை வைக்கும் வியாபாரியைத் தலை நிமிராமலே அவர் கண்டுகொள்கிறார். "எங்க அம்மா கை மாதிரியே இருக்கு" என்று அண்ணி சொன்னபோது, நாங்கள் வந்தது சரிதான் என்று எனக்கும் நிறைவாக இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் அந்த அம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள். அதன்பின் அவருக்காக அழ ஓர் ஆள் இல்லை, அடக்கம் செய்யும் காட்சி இல்லை, அவருடைய பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. கதாநாயகன் கத்தி எடுக்க ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு மட்டும் அவர் பயன்பட்டார்.

பிறகு இரண்டு மணி நேரம் கழுத்தும் கையும் அறுபடுவதை மிக அருகில் வைத்துக் காட்டுகிறார்கள். நங்கூரத்தை ஒரே கையால் சுழற்றி ஆட்களை அடித்துக் கொல்கிறான் கதாநாயகன். நடுக்கடலில் படகை நோக்கித் துப்பாக்கி வெடித்தபோது அரங்கில் விசில் பறந்தது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "அந்தச் சத்தத்த உக்காந்து கேக்க முடியலடா" என்றார். உள்ளே அண்ணனின் ஒன்பது வயது மகள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தவள், இடைவேளைக்கு விளக்குப் போட்ட பிறகும் எடுக்கவில்லை. செல்போனோடு கரையில் நிற்கும் பெண்ணின் காட்சிக்காக நான் மட்டும் மறுபடி உள்ளே போய்க் கடைசி வரை காத்திருந்தேன். படத்தில் அந்தக் காட்சியே இல்லை.

படத்துக்கான சான்றிதழ் யுஏ 16+. 2024இல் வந்த விதிகளின்படி யுஏ என்பதை வயதுப்படி 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஏ' சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது. யுஏ என்றால் முடிவு பெற்றோர் கையில். அதனால் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். யுஏ என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டது என் தவறு, அந்தப் பிள்ளையிடம் அதற்காக வருந்துகிறேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்குத் திரையரங்கில் மறுத்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. டிரெய்லரில் காட்டிய பாடல் படத்தில் இல்லை என்று ஒருவர் தொடர்ந்த வழக்கில், நுகர்வோர் ஆணையம் வழங்கச் சொன்ன 10,000 ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்திருக்கிறது. டிரெய்லர் விளம்பரம்தான், படத்தில் இன்னது இருக்கும் என்ற வாக்குறுதி ஆகாது என்பது தீர்ப்பு. ஆகவே உள்ளே போய் ஏமாந்தபின் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். முதல் நாளே ஓடாமல், பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் டிரெய்லரில் வந்த காட்சி படத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசி வைத்திருந்த இரண்டு குடும்பங்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவருடைய கணவர் இன்னும் இலங்கைச் சிறையில்தான் இருக்கிறார்.